பகுதி–1 கட்டத்தில் பிரெஞ்சு: மார்க்குக்கா, மொழிக்கா?



பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே கல்லூரி விண்ணப்பங்களோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் பெற்றோர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், கட்டணம் எவ்வளவு, உக்கடத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாமா என்பதையெல்லாம் வீட்டில் பத்து நாள் பேசி முடிவு செய்திருப்பார்கள். விண்ணப்பத்தில் ‘பகுதி–1 மொழி’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அதை மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். தோழி எதை டிக் செய்தாளோ அதையே நம் பிள்ளையும் டிக் செய்து வந்திருக்கும். நம்மிடம் வரும் விண்ணப்பங்களில் அந்த டிக் இப்போது அடிக்கடி பிரெஞ்சின் மேல் விழுகிறது. ஏன் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சொல்வது ஒன்றுதான்: “மார்க் நல்லா வருமாம்ங்க.”

இந்த ஒரு காரணத்தை நம்பி இரண்டு ஆண்டுப் படிப்பை ஒப்படைக்கலாமா என்பதை இந்த மாதம் விரிவாக எழுதுகிறோம். பிரெஞ்சு வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. எடுத்தால் எதற்காக எடுக்க வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்தக் கட்டத்தைப் பார்ப்போம். நம் பகுதியின் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதி–1 ஒரு மொழி, பகுதி–2 ஆங்கிலம், பகுதி–3 தான் பி.காம்., பி.எஸ்சி. என்று நாம் சொல்லும் முதன்மைப் பாடம். பகுதி–1இல் தமிழ் எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். இந்தி, மலையாளம், பிரெஞ்சு, சில இடங்களில் அரபி, உருது என மற்றவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பெரும்பாலான படிப்புகளில் இது முதல் இரண்டு ஆண்டுகள் நடக்கும்; சிலவற்றில் ஓராண்டோடு முடிந்துவிடும்.

இப்போது மார்க் விஷயம். பிளஸ் டூவிலேயே மொத்த மதிப்பெண் கூடும் என்று தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண் பிறகு எங்கே போயிற்று என்று பாருங்கள். பொறியியல் கட்–ஆஃபுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டுமே. மருத்துவத்துக்கு நீட். அரசு கலைக் கல்லூரிகளின் பொதுத் தரவரிசையும் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத்தான் போடப்படுகிறது. கல்லூரியிலும் கதை அதேதான். வகுப்பு, தரம் ஆகியவை பகுதி வாரியாகத் தனித்தனியே குறிக்கப்படுவது வழக்கம். மேற்படிப்புக்குப் போனால் பெரும்பாலும் பகுதி–3ஐத்தான் பார்க்கிறார்கள். பிரெஞ்சில் வாங்கிய 95 மார்க் உறவினர் வீட்டில் சொல்லிக்கொள்ள உதவும். அதைத் தாண்டி அதன் பயன் மிகக் குறைவு.

சரி, மார்க்கை விடுங்கள், மொழியாவது வந்துவிடுமா? கல்லூரித் தேர்வு எழுத்துத் தேர்வு. இலக்கணக் கோடிட்ட இடம், சிறு பத்தி, மொழிபெயர்ப்பு, முன்பே படித்து வைத்த கேள்விக்குப் பதில் என்று போகும். காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் வாயால் பேசுவதற்கும் அறுபது பேர் உட்கார்ந்த வகுப்பில் நேரம் ஏது? ஆசிரியர்கள் மேல் குறையில்லை, தேர்வு எப்படியோ பாடமும் அப்படி. இரண்டு ஆண்டு பிரெஞ்சு படித்து முடித்த பட்டதாரியிடம் “உன் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் பிரெஞ்சில் பேசு” என்றால் திணறுவது இதனால்தான்.

உலகம் பிரெஞ்சை அளக்கும் அளவுகோல் வேறு. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். முதல் நான்குக்கு ‘டெல்ஃப்’ என்றும் மேல் இரண்டுக்கு ‘டால்ஃப்’ என்றும் பிரான்ஸ் நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் சான்றிதழ் உண்டு. இந்தியாவில் அலியான்ஸ் பிரான்சேஸ் மையங்கள் வழியாக இந்தத் தேர்வை எழுதலாம். டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. தேற 50 வேண்டும். எந்தப் பிரிவிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. நன்றாக எழுதி, பேச்சில் ஊமையாக உட்கார்ந்தால் தோல்விதான். வாங்கிய சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

ஏ1 என்றால் பெயர், ஊர், குடும்பம், கடையில் விலை கேட்பது. ஏ2 அன்றாடத் தேவைகள். பி1க்கு வந்தால் பயணத்திலும் வேலையிடத்திலும் ஒருவாறு சமாளிக்கலாம். பி2தான் வாசல்: செய்தியைப் புரிந்துகொண்டு, தன் கருத்தைக் காரணத்தோடு வாதாடிச் சொல்லும் நிலை. பிரெஞ்சு வழியில் நடக்கும் பட்டப்படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்பது இது. வேலை தருவோரும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பி2 எட்ட வகுப்பில் மட்டும் 500 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒன்றரை ஆண்டு, லீவே போடாமல். ஆகவே “மூன்று மாதத்தில் பி2, கனடா நிச்சயம்” என்று சுவரொட்டி ஒட்டுவோரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

கல்லூரியில் பிரெஞ்சு எடுத்த பிள்ளை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஏ2 அல்லது பி1 தேர்வை வெளியே தனியாக எழுதித் தேறியிருந்தால் அது மொழி படித்ததற்கு அடையாளம். இதற்கு மனப்பாடம் போதாது. காது பழக வேண்டும். இலவச வழிகள் இருக்கின்றன. பிரெஞ்சு வானொலியான ஆர்.எஃப்.ஐ., மொழி கற்போருக்காகவே எளிய பிரெஞ்சில் தினமும் பத்து நிமிடச் செய்தி ஒலிபரப்புகிறது. டிவி5 மோந்த் தொலைக்காட்சி படி வாரியாகப் பயிற்சிகளைக் கட்டணமில்லாமல் தருகிறது. கையில் செல்போன் இல்லாத மாணவன் இன்று யார்?

மொழி கடினமா என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மக்தபிலும் மதரஸாவிலும் அரபி இலக்கணம் கொஞ்சம் தொட்டவர்களுக்கு, உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பது புதிதல்ல. முதக்கர், முஅன்னஸ் என்று ஓதியதுதான் பிரெஞ்சில் ‘ல’, ‘லா’ என்று வருகிறது. ஆனால் வேடிக்கை பாருங்கள்: அரபியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், பிரெஞ்சில் அது அப்படியே தலைகீழ். வினைச்சொல் நான், நீ, அவன், நாங்கள் என்று ஆளுக்கு ஆள் மாறுவதும் தமிழருக்கும் அரபி படித்தவருக்கும் பழகியதே. அறிமுகமில்லாதவரிடமும் பெரியவரிடமும் ‘வூ’, நெருங்கியவரிடம் ‘துயூ’ என்று சொல்ல வேண்டும். வாங்க, சொல்லுங்க, இருக்கட்டுங்க என்று பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடும் கொங்குச் சீமைக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

சொற்களிலும் உறவு உண்டு. சர்க்கரைக்கு அரபியில் சுக்கர், பிரெஞ்சில் சுக்ர். பண்டகசாலையைக் குறிக்கும் மக்ஸன் என்ற அரபிச் சொல்லின் பன்மையிலிருந்து, கடை என்று பொருள்படும் ‘மகஸான்’ வந்தது. சுழியத்தைக் குறித்த ஸிஃப்ர், எண் இலக்கம் என்னும் பொருளில் ‘ஷிஃப்ர்’ ஆயிற்று. கோவைக்காரர்கள் கவனிக்க வேண்டியது பருத்தி: அரபியில் குத்ன், பிரெஞ்சில் ‘கொத்தோன்’. நம் தமிழிலிருந்தும் ஒரு சொல் போயிருக்கிறது. அத்தர் வியாபாரிகளுக்குத் தெரிந்த வெட்டிவேர்தான் பாரிஸ் வாசனைத் திரவியப் புட்டிகளில் ‘வெத்திவேர்’ என்று இருக்கிறது.

சிரமம் இருப்பது உச்சரிப்பிலும் எண்ணிலும். எழுதுவதில் பாதி எழுத்து வாயில் வராது. பாரிஸ் என்று எழுதி ‘பாரி’ என்பார்கள். எண்களோ கணக்குப் பரீட்சை. எழுபதை ‘அறுபதும் பத்தும்’ என்றும், எண்பதை ‘நான்கு இருபது’ என்றும், தொண்ணூற்றொன்பதை ‘நான்கு இருபதும் பத்தொன்பதும்’ என்றும் சொல்ல வேண்டும். போனில் ஒருவர் பில் தொகை சொல்லும்போது இது புரிய வேண்டுமென்றால் எத்தனை முறை கேட்டிருக்க வேண்டும், யோசியுங்கள்.

பாடத்தின் தலைப்பிலேயே ‘பண்பாடும் தொடர்பாடலும்’ என்று சேர்த்துப் போடும் கல்லூரிகள் உண்டு. அதுவும் வீண் அலங்காரமில்லை. பிரான்சில் ஒரு கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் பொருளைக் கேட்டால் மரியாதை கெட்டவர் என்று நினைப்பார்கள். நாம் சபைக்குள் நுழையும்போது ஸலாம் சொல்வது போல அங்கே அது முதல் கடமை. அலுவலகக் கடிதத்தை முடிப்பதற்கும் அவர்களுக்கு நீண்ட மரியாதை வாசகங்கள் உண்டு. அவை தெரியாமல் மெயில் அனுப்பினால் சண்டைக்கு வருவது போல இருக்கும்.

பாடப்புத்தகத்தில் ஒயினும் பன்றி இறைச்சியும் வருகிறதே என்று ஒரு அத்தா நம்மிடம் கவலைப்பட்டார். அந்நாட்டு உணவைப் பற்றிய பாடத்தில் அது வரத்தான் செய்யும். நம் பிள்ளை அங்கே போய் ‘இதில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறதா’ என்று கேட்பதற்கே அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும். மதீனாவில் யூதர்களின் கடிதங்களைப் படிக்கவும் பதில் எழுதவும் அவர்கள் மொழியைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்ததும், அவர்கள் அரை மாதத்துக்குள் கற்றுத் தேர்ந்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவான செய்தி. கடிதம் படிக்க, எழுத என்று வேலை முதலிலேயே வரையறுக்கப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் காலத்துக்கு அருகிலும் ஒருவர் இருக்கிறார். 1908இல் ஹைதராபாத்தில் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, பாரிஸில் பல பத்தாண்டுகள் ஆய்வாளராக வாழ்ந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவர்கள். குர்ஆனைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1959இல் வெளியிட்டார். அதற்கு முன்பே பிரெஞ்சில் மொழிபெயர்ப்புகள் இருந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முஸ்லிம் அல்லாதவர்கள் செய்தவை. பிரான்சிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் எத்தனையோ முஸ்லிம் வீடுகளில் புழங்கியது இந்த இந்தியரின் பெயர்ப்புதான். 2002இல் வஃபாத்தானார்கள்.

தமிழ் முஸ்லிம்களுக்கும் பிரெஞ்சு அந்நியமல்ல. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. புதுச்சேரியோடு சேர்ந்து 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் முஸ்லிம் வணிகர்கள் கப்பலேறி சைகோன் போனார்கள். அந்நகரின் நடுவே 1930களில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. அவர்கள் பிரெஞ்சு கற்றது கடைக்கணக்குக்காகவும் கச்சேரி வேலைக்காகவும். இன்று பாரிஸ் புறநகர்களில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றின் வேர் அங்கேதான்.

இனி, பிழைப்புக்கு வருவோம். திருப்பூர் பனியன் கம்பெனிகள் பிரான்சுக்கு ஏற்றுமதி செய்கின்றன, அதனால் பிரெஞ்சு படித்தால் வேலை என்று ஒரு பேச்சு உண்டு. அவ்வளவு எளிதில்லை; அந்த ஆர்டர்களின் மெயில் போக்குவரத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். மொழி மட்டும் தெரிந்தவரைவிட, மெர்ச்சண்டைசிங் தெரிந்து கூடவே பிரெஞ்சும் பேசுகிறவருக்குத்தான் மதிப்பு. பி.காம். படித்தவர் பி2 வைத்திருந்தால் பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு, வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளில் இடம் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் இத்தகைய வேலைகள் அதிகம்.

நாம் அதிகம் நினைக்காத திசை மேற்கு ஆப்பிரிக்கா. பெனின், மாலி, புர்க்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட் ஆகியவை பருத்தி விளையும் நாடுகள். அங்கிருந்து இந்திய மில்களுக்குப் பஞ்சு வருகிறது. இந்தியாவின் முந்திரி ஆலைகளுக்குக் கொட்டையும் அந்தக் கரையிலிருந்து வருகிறது. பம்ப்செட், ஜவுளி இயந்திரம், உதிரிபாகம் செய்யும் ஊர் நம்முடையது. அந்த நாடுகளில் வணிகம் செய்வதென்றால் ஒப்பந்தம், சுங்கப் பத்திரம், வங்கிக் கடிதம் எல்லாம் பிரெஞ்சில். 1993இல் கையெழுத்தான ஒஹாடா என்ற உடன்படிக்கையின்படி, பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் 17 ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒரே வணிகச் சட்டம். செனகல், மாலி, நைஜர், கினி ஆகியவற்றில் முஸ்லிம்களே பெரும்பான்மை. அரபி ஸலாமும் பிரெஞ்சுப் பேச்சும் தெரிந்த ஒரு கோவை இளைஞனுக்கு அங்கே கிடைக்கும் வரவேற்பு தனி. இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: மாலி 2023இல் பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கிவிட்டது, அல்ஜீரியா ஆங்கிலத்தின் பக்கம் சாய்கிறது. பிரெஞ்சின் செல்வாக்கு எல்லா இடத்திலும் ஏறிக்கொண்டே போகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு வழி ஆசிரியப் பணி. கோவை, திருப்பூர், ஈரோடு சிபிஎஸ்இ பள்ளிகள் பலவற்றில் பிரெஞ்சு ஒரு மொழிப்பாடம். ஊரை விட்டுப் போகாமல் கௌரவமாகச் செய்யக்கூடிய வேலை. அதற்கு பகுதி–1 பிரெஞ்சு போதாது. பிரெஞ்சிலேயே பட்டம் வேண்டும். சென்னை லயோலாவில் பி.ஏ. பிரெஞ்சு இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்பையும் உரைபெயர்ப்பையும் சேர்த்து எம்.ஏ. நடத்துகிறார்கள். ஹைதராபாத் இஃப்லு, டெல்லி ஜே.என்.யு. ஆகியவற்றில் பிளஸ் டூ முடித்ததும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஆகையால் கட்டணம் குறைவு.

கனடா பற்றி அதிகம் கேட்கிறார்கள். அங்கே குடியேற்ற மதிப்பெண் முறையில் பிரெஞ்சின் நான்கு திறன்களிலும் குறிப்பிட்ட நிலை எட்டியவருக்கு, ஆங்கிலமும் ஓரளவு இருந்தால், 50 புள்ளி கூடுதல். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுகளும் நடக்கின்றன. அவற்றின் கட்–ஆஃப் பொதுச் சுற்றைவிடக் கணிசமாகக் குறைவு. அந்த ‘குறிப்பிட்ட நிலை’ ஏறத்தாழ நாம் மேலே சொன்ன பி2. டெல்ஃப் அங்கே செல்லாது. டெஃப், டிசிஎஃப் என்ற தேர்வுகளின் கனடா வடிவத்தை எழுத வேண்டும், அதன் முடிவு இரண்டு ஆண்டுகளே செல்லும்.

பிரான்சுக்கே மேற்படிப்புக்குப் போவது பற்றி. 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது இலக்கு என்று அதிபர் மக்ரோன் 2024 ஜனவரியில் அறிவித்தார். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 2019இல் ஆண்டுக் கட்டணம் இளநிலைக்கு 2,770 யூரோ, முதுநிலைக்கு 3,770 யூரோ என்று வைத்தார்கள். பிறகு சற்றே கூடியிருக்கிறது. தனியார் வணிகக் கல்லூரிகளின் கட்டணம் இதைப்போல் பல மடங்கு. ஏஜென்டுகள் காட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான். வட்டிக்கடனில் மாட்டிக்கொள்ள விரும்பாத குடும்பங்கள் இந்த வித்தியாசத்தை முதலில் கேட்க வேண்டும். படிக்கும் மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம்.

தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஹிஜாப். சுற்றிவளைக்காமல் சொல்கிறோம். 2004ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் மாணவிகள் தலைத்துணி அணிவதைத் தடுக்கிறது. 2023 செப்டம்பரில் அந்தப் பள்ளிகளில் அபாயாவும் தடுக்கப்பட்டது. இந்தச் சட்டம் பல்கலைக்கழக மாணவிகளுக்குப் பொருந்தாது. அங்கே தலைத்துணியோடு படிக்கும் மாணவிகள் ஏராளம். ஆனால் முகத்தை மூடும் நிகாப் 2010 சட்டப்படி பொது இடம் எதிலும் கூடாது. அரசுப் பணியில் சேர்ந்தால் தலைத்துணியும் கூடாது. மகளை அனுப்புவதா என்பது குடும்பத்தின் முடிவு. வதந்தியை வைத்து எடுக்க வேண்டாம் என்பதற்காக இவ்வளவும் எழுதினோம்.

கடைசியாகத் தமிழ். நம்மில் வீட்டில் உருது பேசும் குடும்பங்களும் உண்டு. தமிழ் எழுதச் சிரமம் என்று அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுக்குத் தாவுவது தெரியும். ஆனால் தமிழ்நாட்டு அரசுத் தேர்வாணையத் தேர்வுகளில் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு தமிழ்த் தாளில் குறைந்தது 40 விழுக்காடு எடுத்தால்தான் மற்ற விடைத்தாளே திருத்தப்படும். குரூப் 4 ஆனாலும் குரூப் 1 ஆனாலும் இதில் விலக்கில்லை. அரசு வேலையில் நம் சமுதாயத்தின் பங்கு போதவில்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். கல்லூரியில் இரண்டு ஆண்டு தமிழை இலவசமாகப் படிக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு, பிறகு பயிற்சி மையத்தில் பணம் கட்டி அதே தமிழைப் படிக்க வரும் பட்டதாரிகளையும் பார்க்கிறோம். அரசுத் தேர்வு எழுதும் எண்ணம் இருக்கும் பிள்ளைக்குப் பகுதி–1இல் தமிழ்தான் எங்கள் யோசனை. பிரெஞ்சு ஆசை இருந்தால் அதை மாலையில் தனியாகப் படிக்கட்டும். ஆலிம் படிப்போடு பட்டமும் படிக்கும் மாணவருக்கு, கல்லூரியில் அரபி இருந்தால் அதுவே பொருத்தம். வணிகம், வெளிநாடு, ஆசிரியப் பணி என்று இலக்கு தெளிவாக இருந்து, பி2 வரை போகும் உறுதியும் இருக்கும் பிள்ளை பிரெஞ்சை எடுக்கட்டும். அந்தப் பிள்ளையை நாமே ஊக்குவிப்போம்.

ஏ2, பி1 தேர்வுகளுக்கான கட்டணம் கட்ட இயலாத மாணவ மாணவியர், கல்லூரியின் பிரெஞ்சு ஆசிரியரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் பெற்று நம் கல்வி உதவிக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். பகுதி–1 மொழியை மாற்றிக்கொள்ளக் கல்லூரிகள் வகுப்பு தொடங்கிய முதல் சில நாட்கள்தான் அவகாசம் தருவது வழக்கம். ஆகவே ஏற்கெனவே டிக் செய்துவிட்டவர்கள் அதற்குள் வந்து பேசுங்கள். சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் மஃரிப் வரை அலுவலகம் திறந்திருக்கும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் நகலையும், முடிந்தால் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.